இஷ்யூலெஸ் என்று நான் அடித்தது

எங்கள் ஆபீஸ் பத்திரங்களில் ஒருவரும் சும்மா செத்துப் போனதில்லை. பிள்ளைகளை விட்டுப் போனவருக்கு ஒரு வாக்கியம், பிள்ளை இல்லாமல் போனவருக்கு ஒரு வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தில் 'இஷ்யூலெஸ்' என்ற வார்த்தை கண்டிப்பாக வரும். பூந்தமல்லியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த வருடங்களில் அதை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு தடவை அடித்தது மட்டும் இன்னும் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் அதே ஆபீஸில் இப்போது ஜூனியராக இருக்கும் சங்கீதா ஒரு பக்கத்தை என் போனுக்கு அனுப்பினாள். பழைய இங்கிலீஷ் பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறார்கள். 'மேற்படி நபர் யாதொரு பிரச்சினையுமின்றி காலமானார்' என்று வந்திருக்கிறது. கீழே நாலைந்து சிரிப்பு பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்று போன் போட்டுக் கத்திவிட்டேன். அவள் பயந்து போய், "ஏன் ஆன்ட்டி, என்ன ஆச்சு? சொல்லுங்களேன்" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பருத்திப்பட்டு. ஆவடியில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் இங்கிலீஷ் சிஸ்டர் ஒரு வகுப்பு முழுவதும் பெயர்ச்சொல்லின் வாலில் எதை ஒட்டினால் அது பெயரடை ஆகும் என்றே நடத்துவார். 'ஃபுல்' ஒட்டினால் நிறைய இருக்கிறது. 'லெஸ்' ஒட்டினால் சுத்தமாக இல்லை. கேர்ஃபுல், கேர்லெஸ். ஹோப்ஃபுல், ஹோப்லெஸ். ஐம்பது தடவை எழுதச் சொல்வார், எழுதினோம். பிறகு டைப்ரைட்டிங்கில் ஹையர், சுருக்கெழுத்து, கல்யாணம். எண்பதுகளின் ஆரம்பத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு குழந்தைகள். வக்கீல் பரமசிவம் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். படித்த கதை அவ்வளவுதான்.

பரமசிவம் சார் நின்றுகொண்டுதான் டிக்டேட் செய்வார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொல்வார். சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார். கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தை ஒன்றாம் தேதி காலையிலேயே கவரில் போட்டு மேஜையில் வைத்துவிடுவார். ஆனால் அர்த்தம் கேட்டால் மட்டும் பிடிக்காது. "டைப்பிஸ்டுக்கு எழுத்து தெரிஞ்சா போதும் ரெஜினா. அர்த்தம் எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா ரெண்டு பேரும் கோட்டை விட்டுடுவோம்" என்பார். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

அவருக்கு அந்த லெஸ் மேல் அப்படி ஒரு ஆசை. எதிர்த்தரப்பின் நோட்டீசுக்குப் பதில் என்றால் அது பேஸ்லெஸ், கிரவுண்ட்லெஸ், மெரிட்லெஸ். மூன்றும் ஒன்றுதானே, ஒன்று போதாதா என்று என் விரல்கள் அழும். பஸ் மோதிய கேஸ் என்றால் டிரைவர் ரெக்லெஸ். ஒரு நாள் தாங்க முடியாமல், "ரெக்னா என்ன சார்? அது இல்லாததாலதான ரெக்லெஸ்?" என்று கேட்டேன். ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "ரெக்னு ஒண்ணு கிடையாதும்மா. அதுல லெஸ் மட்டும்தான் இருக்கு" என்றார்.

மாங்காட்டுக்காரர் ஒருவர் தன் பூர்வீக வீட்டுக்காக நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். சார் அந்த வீட்டை 'ப்ரைஸ்லெஸ்' என்று வர்ணித்திருந்தார். அந்த மனுஷனின் மகன் காலேஜில் படிக்கிறவன். லெஸ் என்றால் இல்லை என்ற கணக்கில் அர்த்தம் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அவர் வாசலில் நின்று, "என் ஊட்டுக்கு வெலையே இல்லன்னு நீயே எழுதிக் குட்த்துட்டியே நைனா!" என்று கத்தினார். சார் அவரை உட்கார வைத்து, ப்ரைஸ்லெஸ் என்றால் விலை சொல்ல முடியாத அளவுக்கு உசத்தி, வேல்யூலெஸ் என்றால்தான் மதிப்பில்லாதது என்று அரை மணி நேரம் விளக்கினார். அவர் கடைசி வரை நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. பூந்தமல்லி பஜாரில் லெஸ் என்றால் தள்ளுபடி. எங்கள் சிஸ்டருக்கு லெஸ் என்றால் இல்லை. சாருக்கு லெஸ் என்றால் சில நேரம் இல்லை, சில நேரம் ஏராளம். நடுவில் உட்கார்ந்து அடிக்கிறவள் நான்.

பத்திரம் தயாராகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் சார் கேள்வி கேட்டு, துண்டுக் காகிதத்தில் குறிப்பு எடுப்பார். அதை வைத்து எனக்கு டிக்டேஷன். நான் முதலில் வெள்ளைத்தாளில் அடிப்பேன். பிறகு குமாஸ்தாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பிடுவோம். சர்வே எண், பரப்பு, நாலு எல்லை, இவற்றை இரண்டு தடவை உரக்கப் படிக்க வேண்டும். பெயர்களை ஒரு தடவை. மீதியைப் படிக்கவே தேவையில்லை. "வார்த்தை தப்பினா மன்னிப்பு உண்டு, எண் தப்பினா கிடையாது" என்பது சாரின் சட்டம். அதற்குப் பிறகுதான் முத்திரைத்தாளில் ஏற்றுவேன். அதில் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. அதனால் எழுத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் அடிக்கப் பழகியிருந்தேன். என் கைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதை நானேதான் சாத்தி வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லியிலிருந்து போரூர் போகிற ரோடு முழுக்க மனைப் பிரிவுகள் வர ஆரம்பித்தன. காட்டுப்பாக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்று ஒருவர் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, யூனியனில் பொறுப்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா. அவருடைய அப்பாவும் பெரியப்பா முனுசாமியும் ரொம்ப காலத்துக்கு முன்பே நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். ரோட்டோரத்துப் பாகம் முனுசாமிக்கு, பின்பக்கம் ஏகாம்பரத்தின் அப்பாவுக்கு. மூத்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். இப்போது பட்டணத்திலிருந்து ஒரு மனை வியாபாரி இரண்டு பாகத்தையும் சேர்த்துக் கேட்கிறார், பத்திரம் இங்கிலீஷில் வேண்டும் என்கிறார்.

சார் குறிப்பு எடுத்தார். நான் என் மேஜையில் கார்பன் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"முனுசாமி சம்சாரம் இருக்காங்களா?"

"இல்ல சார். அவருக்கு முந்தியே பூட்ச்சி."

"முனுசாமிக்கு இஷ்யூ எதுவும் உண்டா?"

"இஷ்யூவா? ஒரு இஷ்யூவும் இல்ல சார். எல்லாம் ஊட்டுக்குள்ளவே பேசி முட்ச்சாச்சு."

சட்ட இங்கிலீஷில் இஷ்யூ என்றால் பெற்ற பிள்ளை. யூனியன்காரருக்கு இஷ்யூ என்றால் பிரச்சினை. அன்றாடம் அவர் வாயில் புழங்குகிற வார்த்தை அது. போனஸ் ஒரு இஷ்யூ, கேன்டீன் சாப்பாடு ஒரு இஷ்யூ. 'எல்லாம் பேசி முடிச்சாச்சு' என்று அந்த மனுஷன் சொன்ன போதாவது சாருக்கு உறைத்திருக்க வேண்டாமா? பிள்ளை இல்லாததை யார் பேசி முடிப்பார்கள்? உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. 'இஷ்யூ: நில்', அதாவது இல்லை, என்று சார் குறித்துக்கொண்டார். மதியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேற்படி முனுசாமி உயில் எழுதாமலும் இஷ்யூலெஸ் ஆகவும் இறந்ததால் அவர் சொத்து தம்பி வழியில் ஏகாம்பரத்துக்கு வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அதை அடித்தேன். எண்களை இரண்டு தடவை ஒப்பிட்டோம். ஒரு எண்கூடத் தப்பவில்லை.

பதிவு அன்று சாருக்குக் கோர்ட்டில் வேலை. குமாஸ்தாவும் நானும் போனோம். இரண்டு சாட்சிகளில் ஒருவரை வாங்குகிறவர் அழைத்து வந்தார். இன்னொருவரைத் தான் கூட்டி வருவதாக ஏகாம்பரம் சொல்லியிருந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். காலையில் கீரைக்கட்டு விற்றுவிட்டு வந்திருக்க வேண்டும், புடவை முந்தானை ஈரமாக இருந்தது. பதிவு ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சாட்சிகளின் விவரத்தை நான் கையால் எழுதினேன்.

"பேரு சொல்லுங்கம்மா."

"கன்னியம்மா."

"அப்பா பேரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம், "முனுசாமின்னு போடுங்க. காட்டுப்பாக்கம்" என்றார்.

முனுசாமி மகள் கன்னியம்மாள் என்று எழுதினேன். அவள் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "இதுல இன்னா எழுதிக்கீது டைப்பம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"நம்ம பின்னாடி நெலந்தாம்மா. நீ சாட்சி, அவ்ளோதான்" என்றார் ஏகாம்பரம்.

நான் தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்று சொன்னேன். முனுசாமிக்குப் பிள்ளை இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் அடித்தவள் நான். கடைசிப் பக்கத்தில் முனுசாமியின் மகள் என்று எழுதியவளும் நான். நடுவில் இரண்டே தாள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் போலப் போயிருக்கும். ஒரு காலை நான் ஆபீஸைத் திறக்கும் போது கன்னியம்மா படியில் நின்றிருந்தாள். கையில் மடித்த காகிதம்.

"என் நெலத்துல கல்லு நட்டுகினு போறாங்க. கீரப் பாத்தி மேலயே நடறாங்க. கேட்டா, நீதான சாட்சி போட்டேன்றாங்க. மனு போட்டு நகல் வாங்கியாந்தேன். இங்கிலீசுல கீது. நீதான அடிச்ச, நீயே படி."

வாங்கிப் படித்தேன். முதல் தடவையாக அர்த்தத்தோடு படித்தேன். இரண்டாம் பக்கம் நடுவில் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"இன்னா, நின்னுட்ட?"

"உங்க அப்பா செத்துட்டாருன்னு எழுதியிருக்கு."

"அதான் தெரியுமே. அப்பால?"

"அவருக்குப் பிள்ளைங்க இல்லன்னு எழுதியிருக்கும்மா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரி எங்கே என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த ஒற்றை வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோண்டா கீது. அப்ப நான் யாரு?"

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

சார் வந்ததும் படித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றுதான். ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலம் வரை கன்னியம்மா ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு ஏகாம்பரம் வந்து நின்றார்.

"என்னய்யா, உங்க பெரியப்பாவுக்கு இஷ்யூ இல்லைன்னு சொன்ன?"

"ஆமா சார். பிரச்சன ஒண்ணும் இல்லியே."

"இஷ்யூன்னா பிள்ளைய்யா! பெத்த பிள்ளை!"

ஏகாம்பரம் திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு மெல்ல, "பொண்ணுதான சார். பையன் இல்லியே. பொண்ணுக்கு நெலத்துல இன்னா கீது?" என்றார்.

"எல்லாமே கீதுய்யா!" என்று சார் மேஜையைத் தட்டினார். அவர் வாயில் 'கீது' என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "பிழைத்திருத்தல் பத்திரம் போடணும். ரோட்டோரப் பாகம் இந்தம்மாவுது. வாங்கினவர்கிட்ட நான் பேசறேன். நீ ஒத்துக்கிட்டாப் போதும்."

ஏகாம்பரம் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். தெரியாமல் நடந்த தப்பு, தெரிந்தவுடன் திருத்திவிடுவார்கள் என்று நம்பினேன். மூன்றாம் நாள் அவர் மனை வியாபாரியின் ஆளோடு வந்தார். உட்காரவில்லை.

"அது அப்டியே இருக்கட்டும் சார்" என்றார்.

"எது அப்படியே இருக்கட்டும்?"

"நீங்க எழுதினதுதான் சார். பெரியப்பாவுக்குப் புள்ள இல்ல. இவ அவரு எடுத்து வளத்த பொண்ணு, தத்துகூட எடுக்கல."

தெரியாமல் விழுந்த ஒரு வார்த்தையை இவர் தெரிந்தே கையில் எடுத்துக்கொண்டார். அந்த லெஸ்ஸைக் காப்பாற்றுவதற்காக, கூடவே வளர்ந்த தங்கச்சியை எங்கிருந்தோ எடுத்து வந்த பிள்ளை என்று சொல்லிவிட்டார். அதையும் எங்கள் ஆபீஸில், சாமி படத்துக்கு எதிரில் நின்று சொன்னார். சார் எழுந்து, "வெளியே போய்யா" என்றார். ஆனால் அவரால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. பத்திரம் எழுதியவரே அதை எதிர்த்து வாதாட முடியாது. கன்னியம்மா வேறொரு வக்கீலை வைத்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கீரைக் கூடையைக் கோர்ட் வாசலில் வைத்துவிட்டு அவள் மட்டும் தனியாக வந்து நிற்பாள்.

வாய்தா மேல் வாய்தா. பிறப்புச் சான்று இல்லை, வீட்டிலேயே பிறந்தவள். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது. ஆனால் வளர்ப்புப் பெண் என்றாலும் அதே பெயரைத்தானே போடுவார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதோடு விட்டார்களா? அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதனால் உள்ளே எழுதியதை ஒப்புக்கொண்டாள் என்றார்கள். படிக்கத் தெரியாத மொழியில் தான் பிறக்கவே இல்லை என்று எழுதியதை அவள் ஒப்புக்கொண்டாளாம். இதையெல்லாம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்காமல் சொல்கிறார்கள்.

அப்போதுதான் எனக்குச் சம்மன் வந்தது. சாட்சி விவரத்தைக் கையால் எழுதியவள் என்ற முறையில் நான் வந்து சொல்ல வேண்டும்.

சார் என்னைக் கூப்பிட்டார். அன்று ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார். "கட்சிக்காரர் ஆபீஸ்ல பேசினதை நீ கோர்ட்ல சொல்லக் கூடாது. அது சட்டம். அதைக் கேட்கவும் மாட்டாங்க. பதிவு ஆபீஸ்ல நடந்ததைக் கேப்பாங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. எத்தனை பத்திரம் எழுதியிருக்க, எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு ஞாபகம் இருக்கே சார்."

"இருக்கட்டும். இந்த ஆபீஸ் பேரும் அதுல இருக்கு ரெஜினா. ஒரே பத்திரத்துல முன்னுக்குப் பின் முரணா எழுதின ஆபீஸ்னு நாளைக்கு யாரு நம்மகிட்ட வருவா?"

என் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது ஒன்றாம் தேதி வருகிற அந்தக் கவரை நம்பித்தான். அன்று பருத்திப்பட்டு ஸ்டாப்பில் இறங்காமல் ஆவடி வரை போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ என்னத்த எழுதினியோ அத்த சொல்லு. வேற இன்னா சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். எனக்கு அவர் மேலும் எரிச்சல்தான் வந்தது. சொல்வது அவ்வளவு லேசாக இருந்தால் நான் ஏன் ஆவடி வரை போகிறேன்?

கூண்டில் ஏறினேன். கன்னியம்மாவின் வக்கீல் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது."

"முனுசாமி மகள்னு எழுதியிருக்கீங்க. அப்பா பேரை யார் சொன்னது?"

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏகாம்பரம்தான் சொன்னார். அந்தம்மா சொல்றதுக்கு முன்னாடியே அவரே, முனுசாமின்னு போடுங்கன்னு சொன்னார்."

"வளர்ப்புப் பெண்ணுன்னு சொன்னாரா?"

"இல்லை."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து எனக்கு ஞாபகப் பிசகு என்று நிரூபிக்கப் பார்த்தார். அன்று பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், மழையா வெயிலா என்றெல்லாம் கேட்டார். ஈர முந்தானை வரைக்கும் சொன்னேன். பிறகு நீதிபதி அவராகவே என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டாம் பக்கம் டைப் பண்ணினதும் நீங்கதானா?"

"ஆமாங்க ஐயா."

"இஷ்யூலெஸ்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா. பிள்ளை இல்லாதவர்."

"அப்புறம் அதே பத்திரத்துல அவர் மகள்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. கவனிக்கலையா?"

"இல்லைங்க ஐயா."

"ஏன்?"

அர்த்தம் பார்க்கக் கூடாது என்று எங்கள் சார் சொல்லியிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எண்களைத்தான் ஒப்பிடுவோம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் ஈர முந்தானையோடு ஒருத்தி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். அதற்கு நான் நிமிரக்கூட இல்லை.

"நான் படிக்கலைங்க ஐயா. அடிச்சேன், அவ்வளவுதான்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளக் கவரும் நிற்கவில்லை. ஆனால் மூன்று மாதம் போல டிக்டேஷனைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாள், யாரோ கட்சிக்காரரிடம், "இறந்தவருக்குப் பையன், பொண்ணு யாராவது இருக்காங்களா?" என்று தமிழில் கேட்டது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இதைக் கேட்க என்ன கேடு வந்தது இவ்வளவு நாளாக என்றுதான் தோன்றியது.

தீர்ப்பு கன்னியம்மாவுக்குச் சாதகமாக வந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டதால் மட்டும் பத்திரத்தில் உள்ளதை எல்லாம் ஒப்புக்கொண்டதாக ஆகாது, மகள் என்று ஏகாம்பரமே சொல்லி எழுத வைத்திருக்கிறார் என்று முன்சீப் எழுதியிருந்தார். அவர்கள் அப்பீல் போனார்கள். வருடங்கள் ஓடின. தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் சமரசத்துக்கு வந்தார்கள். அதற்குள் ரோட்டோரப் பாகத்தில் பாதிக்கு மேல் வீடுகள் எழும்பி, அதில் குடும்பங்களும் குடிவந்துவிட்டன. விற்காமல் கிடந்த மீதியைக் கன்னியம்மாவுக்கு விட்டுக் கொடுப்பதாக முடிவானது. முழுதும் வரவில்லை. அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

அப்படி விட்டுக் கொடுப்பதற்கான விடுதலைப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதலாம் என்று மனை வியாபாரியின் தரப்பு ஆரம்பித்தது. கன்னியம்மா ஒரே வார்த்தையில், "தமிழ்" என்றாள். அவளுடைய வக்கீல் எழுதிய வாசகத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்து, "டைப்பம்மாதான் அடிக்கணும்" என்று சாரிடம் சொன்னாள். சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தமிழ் மெஷினில், ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடித்தேன்.

பதிவு அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். ஏகாம்பரத்துக்குத் தலை நரைத்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன், வழக்கம் போல, "படிச்சுப் பார்த்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் வழக்கமாகச் சொல்கிறபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றார்கள்.

"நான் படிக்கல. இனிமேதான் படிக்கணும்" என்றாள் கன்னியம்மா.

பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். ஐந்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டி. நாலு பக்கம். மனை வியாபாரி மணியைப் பார்த்தார். அதிகாரி அடுத்தவர்களைக் கூப்பிட்டு அவர்கள் வேலையை முடித்து அனுப்பினார். ஏகாம்பரம் சுவரோரம் நின்றார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"எங்கப்பா பேரு முனுசாமி. இதுல முனிசாமின்னு கீது. இவன் யாரு?"

எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில், 'னு' அடிக்க வேண்டிய இடத்தில் 'னி'. வாய்விட்டுப் படித்தே அடித்திருக்கிறேன். அப்படியும் விழுந்திருக்கிறது. எனக்கு என் விரல்களை உடைத்துப் போடலாம் போல இருந்தது.

"சின்ன எழுத்துப் பிழைதாம்மா. பேனாவால திருத்திச் சுருக்கொப்பம் போட்டாப் போதும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார் மனை வியாபாரியின் வக்கீல்.

"வேணாம்" என்றாள் கன்னியம்மா. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். கோபம் இல்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இத்தோ எதிர்லதான ஆபீசு. இப்பவே போய் வேற தாள்ல அடிச்சு எடுத்தாந்துடறேம்மா" என்றேன்.

"ஓடாத. பொறுமையா ஒக்காந்து அடி" என்றாள். மீதி மூன்று தாளையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் இங்கதான் கீறேன்."